கித்தார்ல ஜி கார்டிலிருந்து (சுரக்கூட்டு) சி கார்டுக்கு மாறும்போது தாளம் ஓடுது

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஊர் மலேசியாவுல சுங்கை சிப்புட். கித்தார் யமஹா எஃப்310, பிக் (கம்பியை மீட்டுற வில்லை) 0.73 மி.மீ. பழக ஆரம்பிச்சு மூணு மாசம், தினமும் அரை மணி நேரம்.

4/4-ல (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நாலு எண்ணிக்கை) கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்னு அடிக்கிறேன். மெட்ரோனோம் (தாளத்துக்குக் கிளிக் கொடுக்கிற கருவி) நிமிசத்துக்கு 60-ல ஒழுங்கா நிக்குது. 80-க்கு ஏத்தினா, முதல் கம்பியிலிருந்து அஞ்சாவது கம்பிக்குத் தாவ வேண்டிய மோதிர விரல் பிந்துது. வலது கையும் நின்னு அதுக்காகக் காத்திருக்குது. அப்புறம் விட்டதைப் பிடிக்க அடுத்த பார்ல ஓடுறேன். கைப்பேசியில பதிவு பண்ணிக் கேட்டா அப்பட்டமா தெரியுது. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தும் கைக்கு லயம் வரல!

கம்பிகளை இடது கையால அமுக்கி வெறும் ‘சக்-சக்’னு அடிச்சா 80-லயும் பிசகல. அடிக்காம கார்டு மட்டும் மாத்தினா நிமிசத்துக்கு 34 தடவை வருது. ‘ஒன்-அன்-டூ-அன்’னு வாய்விட்டு எண்ணியாச்சு. புளூடூத் ஸ்பீக்கர்ல கிளிக் பிந்தி வரும்னு வயர் இயர்போனுக்கும் மாறியாச்சு. காலைத் தட்டினா காலும் கையோட சேர்ந்து ஓடுது.

பாரோட கடைசி மேல் அடியில விரல்களைத் தூக்கிட்டு, திறந்த கம்பியை அடிச்சபடியே சி-க்கு மாறிப் பழகலாமா, இல்ல 60-லிருந்து ரெண்டு ரெண்டா ஏத்தணுமா?