புதுப்பிப்பு: 19 லிட்டர் கெக்கில் பியருக்கு கேஸ் ஏற்றுதல்

கார்பன் டை ஆக்சைடு கேஸை 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வைத்து, கெக்கை (பியர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) உருட்டினால் அன்றைக்கே ஊற்றலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். எங்கே நிறுத்துவதென்று பிடிபடாது, கேஸ் அளவு மீறிவிடும்.

பியரை 3 டிகிரிக்குக் குளிரவைத்து, 30 பிஎஸ்ஐயில் 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு கேஸைக் கழற்றி, மூடி வால்வை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, கேஸை 12 பிஎஸ்ஐயில் மாட்டுங்கள். வெளியேற்றாமல் மாட்டினால் பியர் கேஸ் குழாய்க்குள் ஏறக்கூடும். இரண்டு மூன்று நாளில் சீராகும். அவசரமில்லையென்றால் தொடக்கம் முதலே 12இல் பத்து நாள். இதுதான் என் தேர்வு.

இந்த 12 குளிர்ந்த பியருக்கு மட்டும். 20 டிகிரி அறையில் 28 பிஎஸ்ஐயாவது வேண்டும்.

டம்ளர் முழுக்க நுரை, ஆனால் வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறதா? அழுத்தத்தைத் தொடாதீர்கள், ஊற்றும் குழாய்தான் குட்டை. 3/16 அங்குலக் குழாய் 3 மீட்டர் போடுங்கள்.