டான்ஸிங் கேம்ப் மர அணை: பார்த்துவிட்டு வந்தது

நியூசிலாந்தின் கோரமண்டல் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேம்ஸ் ஊரை ஒட்டிய கவாயெராங்கா பள்ளத்தாக்குக்குப் பலரும் பினக்கிள்ஸ் சிகரம் ஏறத்தான் வருகிறார்கள், ராத்திரி மலைக்குடிலில் தங்கிச் சூரியோதயம் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். குடிலுக்குப் பக்கத்திலேயே ஓடைக்குக் குறுக்கே நிற்கிற டான்ஸிங் கேம்ப் அணையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முழுக்க மரத்தால் ஆன அணை. 1870களிலிருந்து 1920களின் கடைசிவரை இங்கே கவுரி என்கிற நியூசிலாந்தின் ராட்சத மரங்களை வெட்டினார்கள். அவ்வளவு பருத்த அடிமரத்தை இந்தச் செங்குத்துக் காட்டிலிருந்து இழுத்து இறக்குவது பெரும்பாடு என்பதால், ஓடையை மறித்து அணை கட்டி, வெட்டிய மரங்களை உருட்டிப் படுகையில் போட்டுவைத்து, மழையில் தண்ணீர் நிறைந்ததும் மொத்தமாகத் திறந்துவிடுவார்கள், அந்த வெள்ளமே மரங்களைக் கீழே கொண்டுபோய்விடும். பள்ளத்தாக்கு முழுக்க இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட அணைகள் இருந்தனவாம்! பல அணைகளை நேரம் பார்த்து அடுத்தடுத்துத் திறந்து வெள்ளத்தைக் கூட்டுவதும் உண்டு.

நான் அதிக நேரம் நின்றது மதகு வாய்க்கு எதிரேதான். மதகுப் பலகைகளைச் செங்குத்தாக வரிசையாக நிறுத்தி, மேலே கம்பியால் கட்டியிருப்பார்கள். கீழே பிடித்திருக்கும் கட்டையை விசை இழுத்து விடுவித்தால் அத்தனை பலகையும் ஒரே நேரத்தில் விலகிக்கொடுக்கும், ஆனால் கம்பியில் தொங்குவதால் அடித்துக்கொண்டு போகாது, அடுத்த முறைக்கு அதே பலகைதான். அணையின் முட்டுக்கட்டைகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள், தண்ணீரின் பாரமே அணையைக் கீழே அழுத்திப் பிடிக்கிற மாதிரி சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

1920களில் கட்டியது, வெள்ளத்தில் சேதமாகி, 1990களில் ஓரளவு சீரமைத்திருக்கிறார்கள். புதிதுபோல் ஆக்காமல் நிறுத்தியது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். சீரமைப்பு எவ்வளவு அவசியம் என்று கேட்பவர்களுக்கு கிரேட் பேரியர் தீவின் கையராரா அணையைச் சொல்வேன். 1926இல் கட்டிய, பார்த்தாலே மலைக்க வைக்கிற அணை அது, நான் பார்த்தபோது கம்பீரமாக நின்றது. 2014 ஜூன் புயலில் அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

காட்டை அழித்த கருவியை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கூட வந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். திறந்துவிட்ட வெள்ளம் ஓடைப் படுகையைப் பாறை தெரியச் சுரண்டியது, இறங்கிய மரங்களிலும் நிறைய வழியிலேயே மோதிச் சிதைந்து வீணாயின. ஆனால் அதெல்லாம் அணைக்கு முன்னால் நின்று பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம், குடிலுக்குப் போகும்போது வெப் ஓடைப் பாதை வழியாகவே ஏறுங்கள். பொதிக்குதிரைகளுக்காகப் பாறையில் வெட்டிய படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, மழை பெய்திருந்தால் வழுக்கும். கவுரி மரங்களைக் கொல்லும் நோய் மண் வழியாகப் பரவுகிறது, அதனால் ஷூவை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள், வெளியே வரும்போதும் செய்யுங்கள்.