ஐஸ் ஹவுஸில் படித்த அத்தைப்பாட்டி

நான்: இன்று மெரினாவில் நடக்கும்போது எடுத்த படம். முகப்பு எவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது!

தம்பி: விவேகானந்தர் இல்லம்! அந்தக் கால ஐஸ் ஹவுஸ். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-இல் சுவாமிகள் ஒன்பது நாள் தங்கினார்.

பெரியம்மா: அதற்குப் பிறகு அங்கே யார் இருந்தார்கள், தெரியுமா?

தம்பி: தெரியாது பெரியம்மா.

பெரியம்மா: என் அத்தைப்பாட்டி இருந்தார். பத்து வயதில் விதவை. தலையை மழித்து அடுக்களையோடு நிறுத்திவிட்டார்கள். அவருடைய அண்ணன்தான் பிடிவாதமாக அழைத்துப்போய், ‘சகோதரி’ என்று எல்லோரும் அழைத்த சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதியில் சேர்த்தார். அதன் பிறகு உறவினர்கள் பல வருடம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

நான்: சுப்புலட்சுமி அம்மையாரும் பதினோரு வயதில் கணவரை இழந்தவர்தானே? 1911-இல் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்.

பெரியம்மா: ஆமாம். அடுத்த வருடமே இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். 1917-இல் அரசு இந்தக் கட்டடத்தை வாங்கியபின் விடுதி இங்கே வந்தது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கியது. அத்தைப்பாட்டி அதில் பயிற்சி முடித்து, முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தார்.

மாமா: அக்கா, கட்டடத்தை நன்றாகத்தானே பராமரிக்கிறார்கள். இன்னும் என்ன அங்கீகாரம் வேண்டும்?

பெரியம்மா: பனிக்கட்டி இருந்ததை பஸ் நிறுத்தத்தின் பெயரே சொல்கிறது. சுவாமிகள் தங்கியதை வாசலே சொல்கிறது. கால் நூற்றாண்டுக் காலம் அங்கே தங்கிப் படித்த பெண்களைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைக்கே தெரியவில்லையே! தெருவில் எதிரே வந்தால் அபசகுனம் என்று முகம் திருப்பப்பட்ட பெண்கள், மாயவரத்திலும் மதுரையிலும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளானார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வீட்டின் சரித்திரம் முழுமையாகும்.

மாமா: நான் அப்படி யோசிக்கவில்லை அக்கா. மன்னித்துவிடுங்கள்.

நான்: அந்தப் பெண்களின் கதையையும் அங்கே சேர்த்துச் சொல்லும்படி இல்லத்தாருக்கு எழுதிக் கேட்கலாமா பெரியம்மா? அத்தைப்பாட்டியைப் பற்றி ஏதாவது ஆவணம் இருக்கிறதா?

பெரியம்மா: பயிற்சிச் சான்றிதழ் என் பீரோவில் இருக்கிறது. விடுதி வாசலில் எடுத்த ஒரு படமும் உண்டு. பதினாறு பெண்கள், எல்லோர் கையிலும் புத்தகம்.

தம்பி: சனிக்கிழமை காலை வருகிறேன். இரண்டையும் ஸ்கேன் செய்துவிடலாம்.

பெரியம்மா: வா. ஆனால் சான்றிதழை மடிப்பில் பிரிக்காதே, கிழிந்துவிடும். நானே எடுத்து வைக்கிறேன்.