அச்சன்கோவில் பாறையை ஆய்வகத்தில் பார்த்தவர்கள் உண்டா?

செங்கோட்டையிலிருந்து:

ஆரியங்காவைத் தாண்டி அச்சன்கோவில் பக்கம் களப்பயிற்சிக்குப் போனவர்களுக்கு அங்குள்ள கார்டியரைட் நைஸ் பாறையை (கார்டியரைட் என்ற நீலச் சாயல் கனிமம் கலந்த வரிப்பாறை) விளக்கத் தேவையில்லை. சாலையோர வெட்டில் உடைத்த கல்லில் மங்கிய நீலமாகத் தெரிந்த மணிகளை அன்றே கள ஏட்டில் குறித்திருந்தேன். அதே கல்லை 0.03 மில்லிமீட்டர் சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது நீலம் அறவே போய்விட்டது. குறுக்குத் துருவ ஒளியில், அதாவது சீவலுக்குக் கீழும் மேலும் துருவத்தகடுகளைக் குறுக்காக வைத்துப் பார்த்தபோது, எல்லாமே குவார்ட்ஸைப் போன்ற சாம்பல் நிறம். ஆசிரியர் “குவார்ட்ஸ்தான், எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். நான் மேல் துருவத்தகட்டை விலக்கிவிட்டு மேடையைத் திருப்பினேன். ஒரு கனிம மணிக்குள் சிக்கியிருந்த பொடி சிர்க்கானைச் (கதிரியக்கம் உள்ள சிறு கனிமம்) சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று எழுந்து, மேடை திரும்பத் திரும்ப வெளிறி, மறுபடியும் அடர்ந்தது. சிர்க்கானிலிருந்து காலங்காலமாக வெளிப்பட்ட ஆல்ஃபா கதிர்கள் கார்டியரைட்டில் விட்ட தடம் அது. ஆனாலும் என் பதிவேட்டில் குவார்ட்ஸ் என்றே திருத்தப்பட்டது. இன்றும் மனம் ஆறவில்லை.

புனலூரிலிருந்து:

வளையம் உள்ள மணி சரி, வளையமே இல்லாத மணிகளை எப்படிப் பிரித்தீர்கள்? குவிந்த ஒளியில் குறுக்கீட்டு உருவத்தை, அதாவது படிகத்துக்கு ஒளியச்சு ஒன்றா இரண்டா என்று காட்டும் வடிவத்தை, பார்த்திருக்க வேண்டும். குவார்ட்ஸ் ஓரச்சுப் படிகம், கார்டியரைட் ஈரச்சுப் படிகம். விரிசல்களில் பச்சை கலந்த மஞ்சளாகப் பினைட் (கார்டியரைட் சிதைந்து உண்டாகும் பொருள்) படிந்திருந்தால் அதுவும் சாட்சி. எனக்கு இது புரிந்ததே, பினைட் ஓடிய ஒரு மணியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான்.

நாகர்கோவிலிலிருந்து:

புனலூர் நண்பர் சொல்வது சரியே என்றாலும் களத்தில் பார்த்த நீலத்தை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. களத்தில் மட்டுமே தெரியும் சாட்சியும் உண்டு. பொன்முடி கல்குவாரியில் நைஸ் பாறையின் வரிகள் நேராக ஓடிவந்து, எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சையாக இருந்த சார்னோகைட் என்ற பாறையின் திட்டுக்குள் நுழைந்ததும் மறைந்துபோனதை நான் விரலால் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை எந்தச் சீவலும் காட்டாது. ஆகவே இனிப் போகிறவர்கள் கல்லை உடைக்கும் முன்பே வடதிசையையும் சாய்வையும் அதன்மேல் அம்புக்குறியிட்டு எழுதுங்கள், நிறத்தை ஈரமில்லாத புதிய முகத்தில் மட்டும் குறியுங்கள், சீவல் வெட்டியது போக மிஞ்சும் துண்டை எண்ணிட்டுப் பத்திரப்படுத்துங்கள். செங்கோட்டை நண்பரே, உங்கள் துண்டு இன்னும் துறையில் இருந்தால் எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த மணியில் மக்னீசியமும் அலுமினியமும் தெரிந்தால் அதைக் குவார்ட்ஸ் என்று யாரும் எழுத முடியாது.