சேஃப்டிக்குக் கால் முக்கியமா, மூளை முக்கியமா?

ஒன்பதாம்கெஜம்: "சேஃப்டிக்கு உள்ளுணர்வு இருந்தால் போதும், வேகம் அப்புறம்தான்" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளுணர்வு என்ன, ஜோசியமா? அமெரிக்கக் கால்பந்தில் எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் ஆள்தானே சேஃப்டி? பந்து தலைக்கு மேலே போய்விட்டால் துரத்த வேண்டியது கால்தான்.

ஊதாக்காக்கை: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சேஃப்டி டெய்லர் மேஸ் ஞாபகம் இருக்கிறதா? 2010. தேர்வுச் சோதனையில் நாற்பது கெஜ ஓட்டம், 4.24 நொடி. கல்லூரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த பீட் கேரல் அதே வருஷம் சியாட்டில் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், 14-வது இடத்தில் யாரை எடுத்தார்? இன்னொரு சேஃப்டியான ஏர்ல் தாமஸை. கூடவே வைத்திருந்து பார்த்தவரே வேண்டாம் என்றார். மேஸ் 49-வதாக வேறு அணிக்குப் போனார்.

ஒன்பதாம்கெஜம்: 4.24 இல்லை, 4.43. முதலில் சொன்ன எண்ணைப் பிறகு திருத்தினார்கள்.

ஊதாக்காக்கை: 4.43 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 104 கிலோ உடம்புக்கு அதுவே பேய் வேகம். என் வாதம் எங்கே விழுந்தது?

ஒன்பதாம்கெஜம்: 0.19 நொடியில் விழுந்தது. அதற்குள் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒன்றரைக் கெஜம் தாண்டியிருப்பான். எண்ணே தெரியாதவரோடு என்ன பேச? ஏர்ல் தாமஸ் மட்டும் ஆமையா?

ஊதாக்காக்கை: சேஃப்டி கைல் ஹாமில்டன் 4.59. 2022-ல் அதைப் பார்த்து இங்கே மூக்கைச் சுளித்தவர் யார் என்று எனக்கு மறக்கவில்லை. அவரும் 14-வதுதான். 2023-லேயே ஆல்-புரோ முதல் அணி, அதாவது அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல். பழைய சேஃப்டி எட் ரீட் வேண்டுமென்றே தள்ளி நிற்பார். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் 'அந்தப் பக்கம் காலி' என்று நினைத்துக் கையைத் தூக்குவார், அதற்குள் ரீட் கிளம்பியிருப்பார். 64 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை 64 முறை பிடித்தது, சும்மா வருமா?

இரும்புத்தலை: காக்கையார் சொல்வது சரி. ஆனால் அதற்கு உதாரணம் எங்கள் ஸ்டீலர்ஸ் அணியின் சேஃப்டி பொலமாலு. 2010-ல் டைட்டன்ஸ் அணியோடு ஆடியபோது, பந்து ஸ்னாப் ஆகி ஆட்டம் தொடங்கும் அதே கணத்தில் வரிசையைத் தாவிக் குதித்து அவர்களின் குவார்ட்டர்பேக் கெர்ரி காலின்ஸைப் பிடித்தாரே!

ஒன்பதாம்கெஜம்: தாவியது எதனால்? மூளையாலா?

ஊதாக்காக்கை: ஸ்டீலர்ஸ்காரர் ஆதரவு எனக்கு வேண்டாம். இன்டர்செப்ஷனில் பொலமாலு 32, ரீட் 64. சரியாகப் பாதி.

இரும்புத்தலை: சூப்பர் பவுல் கோப்பை? எங்கள் பொலமாலுவுக்கு இரண்டு, ரீடுக்கு ஒன்று. ஆதரவாகப் பேச வந்தவனையே கொத்துகிறீர்களே. போன சீசன் ஃபேன்டஸி லீக் பணம் இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊதாக்காக்கை: பணத்தை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? லீக்கை நடத்தும் கமிஷனர் விதியை நடுவில் மாற்றினார், அதனால் நிறுத்தி வைத்தேன். மூன்று முறை விளக்கியாகிவிட்டது. மேஸ் விஷயத்துக்கு வாருங்கள். 4.24 ஓடியும்...

ஒன்பதாம்கெஜம்: 4.43.

இரும்புத்தலை: கமிஷனர் நான்தான். விதியை மாற்றவே இல்லை.