புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் தொழில்மயமாக்கல்: அரசின் பங்கு எதுவரை?

கேள்வி:
இந்தியாவும் தென்கொரியாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடுதலை பெற்றன. இரண்டிலும் அரசு ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டியது, எஃகு ஆலைகளைக் கட்டியது, இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அப்படியிருந்தும் 1980களில் கொரியா கப்பல்களையும் கார்களையும் ஏற்றுமதி செய்துகொண்டிருக்க, இந்தியத் தொழில்கள் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்குள்ளேயே நின்றுவிட்டன. இந்த வேறுபாட்டுக்கு அரசின் தலையீடு மிகுந்தது காரணமா, குறைந்தது காரணமா?

மறுமொழி 1:
தலையீட்டின் அளவை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது என்று நினைக்கிறேன். தொழில்களுக்கு அளித்த பாதுகாப்புக்கு ஈடாக அரசு எதைக் கேட்டது என்பதைப் பாருங்கள். 1961-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீயின் அரசு, வங்கிகளைத் தன் பிடிக்குள் கொண்டுவந்து, மலிவு வட்டிக் கடனை ஏற்றுமதியோடு பிணைத்தது. ஏற்றுமதியில் தேறாத நிறுவனம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியவில்லை. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலையைத் தொடங்கவும் விரிவாக்கவும் உரிமம் தேவைப்பட்டது. 1957-ஐ ஒட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியதால், உரிமம் பெற்றவருக்கு உள்நாட்டிலும் போட்டி குறைந்தது, வெளியிலிருந்தும் போட்டி வரவில்லை. அந்தப் பாதுகாப்பு எப்போது முடியும் என்ற கெடுவும் இல்லை.

அரசு உடைமையே குற்றம் என்பாரும் உண்டு. ஆனால் போஹாங் எஃகு நிறுவனத்தை 1968-இல் தொடங்கியது கொரிய அரசுதான். உலக வங்கி அத்திட்டத்தை ஆதரிக்காதபோது, இரு நாட்டு உறவைச் சீராக்கிய 1965-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஜப்பான் அளித்த நிதியில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு, 1973-இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

மறுமொழி 2:
பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் 1950களின் இந்திய முடிவுகளை அவற்றின் பின்விளைவை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமன்று. அரசு பெருமளவில் முதலீடு செய்து திட்டமிட வேண்டும் என்று 1944-இல் பம்பாய்த் திட்டத்தில் கேட்டவர்கள் டாட்டா, பிர்லா உள்ளிட்ட தொழிலதிபர்களே. எஃகு ஆலைகளில் பிலாய்க்குச் சோவியத் ஒன்றியம், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காபூருக்குப் பிரிட்டன் என மூன்று தரப்பின் உதவியையும் ஒரே காலத்தில் திரட்டுவது அன்று எந்தத் தனியார் நிறுவனத்தாலும் இயன்றிருக்காது. மேலும், கொரியாவில் கண்டிப்புக் காட்டியது தொழிற்சங்கங்களை ஒடுக்கிய இராணுவ ஆட்சி. அதை முன்மாதிரியாகச் சொல்லும்போது தொழிலாளர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுமொழி 3:
கானாவையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டுகிறேன். 1957-இல் விடுதலை பெற்ற அந்நாடு, வோல்டா ஆற்றில் அகோசோம்போ அணையைக் கட்டி, அலுமினிய உருக்காலை ஒன்றுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் மிகக் குறைந்த விலைக்கு மின்சாரம் தந்தது. நாட்டிலேயே அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் வளம் இருந்தும், அமெரிக்காவின் கைசர் நிறுவனம் முன்னின்று அமைத்த அந்த ஆலை, பாக்சைட்டைச் சுத்திகரித்துப் பெறும் அலுமினாவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தே உருக்கியது. பாக்சைட்டிலிருந்து உலோகம்வரை உள்நாட்டிலேயே நடக்கும் தொழில் உருவாகவில்லை. முதல் மறுமொழியில் சொன்னதுபோல், சலுகையோடு பிணைத்த நிபந்தனைகள் இங்கும் இருந்தன. ஆனால் அவற்றைப் பெரிதும் வகுத்தவர்கள் கடன் அளித்தவர்களும் ஆலையின் உரிமையாளர்களும்தான்.