பிளேட் இல்லாத பழைய எவின்றூட் 9.9: எந்த வருசம்? திறொட்டில் கூட்டினா ஏன் நிக்குது?

வாவிக்கரையான்
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் 14 அடி அலுமினியப் படகு ஒண்டும் அதோட பின்பலகையில பூட்டுற ஒரு பழைய எவின்றூட் அவுட்போட் இஞ்சினும் வாங்கினனான். மூடியில 9.9 எண்டு ஸ்ரிக்கர் இருக்கு, அது குதிரைவலு. படகில இறுக்கிற கிளாம்பில இருக்கவேண்டிய மொடல் நம்பர் பிளேட் இல்லை, ரெண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம்.

இஞ்ச கனடாவில சிம்கோ வாவியில ரெண்டு தரம் இறக்கிப் பாத்தன். மூண்டாவது இழுவையில பிடிக்குது. மெதுவா விட்டா நல்லா ஓடுது, பின்பக்கத்தால தண்ணியும் தூவுது. திறொட்டிலைக் கூட்டினா ஒரு நிமிசம் பறக்குது, பிறகு மூச்சு வாங்கி அடங்கி நிண்டுபோகுது. கொஞ்சம் பொறுத்து இழுத்தா திரும்பவும் பிடிக்கும்.

ஒரு கடையில காட்டினன். "வருசம் தெரியாது, சாமான் கிடைக்காது, எறியுங்கோ" எண்டிட்டினம். எனக்கு மனம் வரேல்லை. அப்பா ஊரில வள்ளத்தில தொழிலுக்குப் போனவர். அவரை ஒருக்கா தண்ணியில கூட்டிக்கொண்டு போகத்தான் இதை வாங்கினனான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வல்லைவெளி
பவர் பக் (ஸ்பார்க் குடுக்கிற எலெக்ரோனிக் பெட்டி) போயிருக்கும். சூடேற ஸ்பார்க் விட்டுவிடும். என்ர ஜோன்சனுக்கும் இப்பிடி வந்து புதுசு போட்டனான்.

மயிலிட்டிக் கடல்
தம்பி, இப்பவே ஒண்டும் வாங்காதேங்கோ. முதல்ல இஞ்சின் எதெண்டு பிடிப்பம்.

மூடி ஸ்ரிக்கரை நம்பாதேங்கோ, மூடியை ஆரும் மாத்தியிருக்கலாம். மூடியைக் கழட்டி, சிலிண்டர் புளொக்கில காசு மாதிரி ஒரு வட்டத் தகடு அடிச்சு இறுக்கியிருக்கும், அதைத் தேடுங்கோ. மேல பெயின்ற் இருந்தா தின்னர் துணியால மெதுவாத் துடையுங்கோ, சுரண்ட வேண்டாம். மொடல் நம்பரை அதிலையும் குத்தியிருப்பாங்கள்.

வாவிக்கரையான்
கண்டுபிடிச்சிட்டன் அண்ணை! ரோச் லைற்றைச் சரிச்சுப் பிடிக்கத்தான் தெரிஞ்சுது. இ, 10, ஆர், சி, ஓ. கடைசியா இன்னொரு எழுத்து இருக்கு, தேய்ஞ்சுபோச்சு.

மயிலிட்டிக் கடல்
அது போதும். இ எண்டா எவின்றூட், ஜே எண்டா ஜோன்சன். 10 எண்டது இந்த 9.9 தான். ஆர் எண்டா கயிறு இழுக்கிறது, இ எண்டிருந்தா பற்றி ஸ்ராட். அதுக்குப் பிறகு எல் இல்லாதபடியா கட்டைக் கால், 15 அங்குலம். உங்கட படகின்ர பின்பலகை உயரத்தையும் ஒருக்கா அளந்து பாருங்கோ.

வருசம் கடைசிக்கு முந்தின ரெண்டு எழுத்தில இருக்கு. 1980 இல இருந்து அவங்கள் "இன்ட்ரடியூசஸ்" (INTRODUCES) எண்ட இங்கிலிஸ் சொல்லை வைச்சு எழுதினவங்கள். அதில பத்து எழுத்து. முதல் எழுத்து 1, அப்பிடியே எண்ணிக்கொண்டு போனா கடைசி எஸ் 0. சி எட்டாவது, ஓ ஐஞ்சாவது. உங்கட இஞ்சின் 1985. பாருங்கோ, வருசம் தெரியாதெண்டு சொன்ன இஞ்சின் தன்ர வருசத்தை நெஞ்சில குத்திவைச்சிருக்கு.

இதைச் செய்த ஓ.எம்.சி கொம்பனி 2000 டிசம்பரில முறிஞ்சது உண்மை. ஆனா ஜோன்சனும் எவின்றூட்டும் ஒரே கொம்பனி செய்ததுகள், உள்ளுக்கு ஒரே சாமான். இந்த 9.9உம் 15உம் கனவருசம் அநேகமா ஒரே புளொக்கில வந்தது. அதால பெற்றோல் பம்ப் டயபிரம், இம்பெல்லர் (குளிராக்கிற தண்ணியை இழுக்கிற றப்பர்ச் சக்கரம்), காபரேற்றர் கிற் எல்லாம் இண்டைக்கும் வேற கொம்பனிகள் செய்து விக்குது. எறியத் தேவையில்லை.

இனி வருத்தத்துக்கு வருவம். படகைத் துறையில இறுக்கிக் கட்டிப்போட்டு, கியரில போட்டுத் திறொட்டிலைக் கூட்டுங்கோ. அடங்கத் தொடங்கேக்க ஒராளை பெற்றோல் ரியூப்பில இருக்கிற றப்பர் பல்பை அமத்தச் சொல்லுங்கோ. உயிர் வந்தா பெற்றோல் வரத்துத்தான் பிழை. ஸ்பார்க் பிழையெண்டா எவ்வளவு அமத்தினாலும் மாறாது. பல்ப் தானாச் சப்பிப்போய்க் கிடந்தா ராங்க் மூடியின்ர காத்து ஓட்டை பூட்டியிருக்கும், அல்லது ராங்குக்குள்ள இருக்கிற வடி அடைச்சிருக்கும். தண்ணிக்கு வெளியில மட்டும் ஓடவிடாதேங்கோ, இம்பெல்லர் எரிஞ்சுபோம்.

வாவிக்கரையான்
அண்ணை, மனிசி பல்பை அமத்த அமத்தப் பறந்தது! விட்ட உடனை அடங்கீற்றுது. பல்ப் சப்பேல்லை. காத்து ஓட்டையும் திறந்துதான் இருந்தது.

வல்லைவெளி
அப்ப நான் சொன்னது பிழை. பவர் பக் வாங்காமல் விட்டது நல்லதாப் போச்சு.

மயிலிட்டிக் கடல்
பல்ப் சப்பாததால ராங்க் பக்கத்தில அடைப்பில்லை. ஒண்டில் எங்கையோ காத்து இழுக்குது, இல்லாட்டி பெற்றோல் பம்ப் களைச்சுப்போச்சு. மூடிக்குள்ள பம்புக்குப் போற ரியூப்பை வெட்டி, ஒரு சாண் கண்ணாடி ரியூப்பை இடையில பூட்டிப் பாருங்கோ. குமிழ் ஓடினா காத்து. பாத்து முடியக் கழட்டி நல்ல பெற்றோல் ரியூப் போடுங்கோ.

பம்ப் இஞ்சின் பக்கத்தில ரெண்டு ஸ்குரூவில நிக்கும். அதுக்கு மோட்டர் கிடையாது. கிராங்க் கேசுக்குள்ள அழுத்தம் கூடிக்குறையிற துடிப்பில ஒரு மெல்லிய டயபிரம் ஆடி ஆடிப் பெற்றோல் இழுக்கும். இப்பத்தைய பெற்றோலில எதனோல் கிடக்கு, பழைய றப்பரை விறைக்க வைக்கும்.

ஊரில நாங்கள் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினனாங்கள். கரைக்கு வரமுன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி நிப்பாட்டோணும், இல்லாட்டி அடுத்த நாள் விடிய இழுத்து இழுத்துத் தோள் கழண்டுபோம். அங்கையும் முதல்ல கைவைக்கிறது இந்த டயபிரத்திலதான்.

வாவிக்கரையான்
ரெண்டும் இருந்தது அண்ணை. கண்ணாடி ரியூப்பில பாசிமணி கோத்த மாதிரிக் குமிழ் வரிசையா ஓடிச்சு. இஞ்சினில கொழுவிற கனெக்டருக்குள்ள ஓ-ரிங் தட்டையாப் போயிருந்தது. புதுசு போடக் குமிழ் நிண்டுது, ஆனாலும் அஞ்சு நிமிசத்தில திரும்ப அடங்கிச்சு. பம்பைக் கழட்டினா டயபிரம் விறைச்சு, ஓரத்தில மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. புதுப் பம்ப் பூட்டி நேற்று 40 நிமிசம் முழுத் திறொட்டிலில ஓடினன். ஒருக்காலும் அடங்கேல்லை.

ஒயில் எவ்வளவு கலக்கிறது? பழைய ராங்கில 100:1 எண்டு ஒட்டியிருக்கு.

மயிலிட்டிக் கடல்
அந்த ஸ்ரிக்கரைக் கிழிச்சு எறியுங்கோ. அந்தக் காலத்தில அப்பிடிச் சொல்லிப்போட்டுப் பிறகு அவங்களே 50:1க்குத் திரும்பினவங்கள். 25 லீற்றருக்கு அரை லீற்றர், அவுட்போட் இஞ்சினுக்கெண்டு விக்கிற ரூ-ஸ்ரோக் ஒயில். இம்பெல்லரையும் இந்த வருசம் மாத்திவிடுங்கோ, எப்ப மாத்தினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதல்லோ.

இன்னொண்டு. கீழ் கியர்ப் பெட்டி ஸ்குரூவைத் திறந்து ஒயிலைப் பாருங்கோ. பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா உள்ள தண்ணி போயிருக்கு. அப்பிடியே விட்டா பனிக்காலத்தில உறைஞ்சு பெட்டியை வெடிக்க வைக்கும்.

வாவிக்கரையான்
திறந்து பாத்தன் அண்ணை. கறுப்பாத்தான் வந்தது, பால் இல்லை. புது ஒயில் விட்டாச்சு. ஞாயிறு அப்பாவோட இறக்கிறன். இண்டைக்கே வந்து கயிறை ரெண்டு தரம் இழுத்துப் பாத்திட்டுப் போறார்.